பதினேழாம் சதுரத்துக்குக் கடல் வந்த வரலாறு

1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அத்திபெலேவுக்கு மேற்கே தமயந்தியின் டீக்கடைக்குப் பின்னால் கடல் வந்தது. கரையின் நீளம் முப்பது அடி. கடையின் பின்வாசலில் நின்று பார்த்தால் அடிவானம் வரைக்கும் தண்ணீர் தெரிந்தது. பக்கவாட்டில் நாலு எட்டு தள்ளி நின்று பார்த்தால் கிருஷ்ணப்பாவின் கேழ்வரகுக் கொல்லையும் அதில் கட்டிப்போட்டிருந்த எருமையும்தான் தெரிந்தன. அன்றைக்குச் சந்தையில் தக்காளி கிலோ மூன்று ரூபாய், தேங்காய் ஒன்று நாலரை, பீன்ஸ் வரத்து இல்லை. தமயந்தியின் கணவர் கோதண்டராமன் ஒரு சொம்பு மொண்டு வாயில் ஊற்றிப் பார்த்து, உப்புத்தான் என்று துப்பிவிட்டு, அன்று இரவே பட்டாணியை ஊறப்போட்டார். மறுநாள் மாலை தேங்காயும் மாங்காயும் போட்ட சுண்டல் தயார். கர்நாடக எல்லைச் செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டிருந்த லாரி டிரைவர்கள் வந்து காலை நனைத்தார்கள், சுண்டல் தின்றார்கள், லாரி ஏறிப் போனார்கள். யாரும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அதற்கு முந்தைய வியாழக்கிழமைகளில் அங்கே என்னென்ன வந்து சேர்ந்தது என்று தெரிந்தவர்களுக்குக் கடல் ஒரு பொருட்டே இல்லை.

இத்தனைக்கும் காரணம் மார்க்கு. பெங்களூரில் ஒரு தோசை ஹோட்டலின் மாடியில் நிலப்பன்மை அளவைக் கழகம் என்று ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. அதன் இயக்குநர் சீனிவாசராகவன். வெளிநாட்டுக்குப் போய் நிலத்துக்கு மார்க்குப் போடும் முறையைக் கற்றுவந்தவர். வரைபடத்தின் மேல் கட்டம் போட வேண்டும். ஒவ்வொரு கட்டமும் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எத்தனை வகைப் பாறை, எத்தனை வகை மண், எத்தனை வகை நீர்நிலை, எத்தனை வகை மேடு பள்ளம் என்று எண்ண வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு மார்க்கு. ஒரே மாதிரி நூறு குன்று இருந்தாலும் மார்க்கு ஒன்றுதான், ஏனென்றால் இயக்குநருக்குப் பிடித்தது வகை, கூட்டம் அல்ல. ஐந்துக்குக் கீழே வாங்கும் சதுரத்தில் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று பொருள். அதைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிடலாம் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கட்டடங்கள் ஓசூர் ரோட்டு வழியாகத் தெற்கே இறங்கிக்கொண்டிருந்த காலம். அவற்றுக்கு எங்கேயாவது இடம் வேண்டியிருந்தது, இழப்பதற்கு ஒன்றுமில்லாத இடமாக இருந்தால் மனசாட்சிக்கும் நல்லது.

அத்திபெலேப் பக்கம் எண்ண வந்தவர் ஸ்ரீகண்டன். திருச்சியில் நிலவியல் படித்தவர், இடுப்பில் சுத்தியும் கழுத்தில் பூதக்கண்ணாடியுமாகத் திரிபவர், காலியாக ஒரு கட்டம் கண்ணில் பட்டால் நிரப்பாமல் இருக்க முடியாதவர். மனிதர் நல்லவர்தான், ஆனால் கண்ணுக்கு முன்னால் இருப்பதை மட்டுமே எண்ணுவார். பதினேழாம் சதுரத்தில் அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது அந்த வட்டாரம் முழுக்கக் கிடக்கிற அதே வரிப்பாறை, அதே செம்மண். பாறை ஒன்று, மண் ஒன்று, மொத்தம் இரண்டு. தமயந்தியின் கடையில் இரண்டு டீ குடித்து, இரண்டு மார்க்குப் போட்டுவிட்டுப் போனார். பக்கத்துப் பதினெட்டாம் சதுரம் பெரும்பாலும் கிருஷ்ணப்பாவுடையது. அதில் ஒரு குன்று, ஒரு ஏரி, ஏரிக்கரையில் களிமண், பழைய கல்குவாரி எல்லாம் இருந்ததால் ஒன்பது வாங்கியது. ஏழு தலைமுறையாகப் பள்ளிக்கூடப் பக்கமே போகாத குடும்பம் கிருஷ்ணப்பாவுடையது. முதல்முறையாகப் பாஸ் ஆன பூரிப்பில் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நம்ம பாறைக்கு ஒம்போது மார்க்கு, தமயந்தியம்மா. நிம்மது எஷ்டு?" என்று பாதிக் கன்னடத்தில் தினமும் அவளுடைய மார்க்கை விசாரித்தார். ஸ்ரீகண்டன் அடுத்த முறை வந்தபோது அவருடைய டீயில் சர்க்கரை இல்லை.

தமயந்திக்கு அது வெறும் மார்க்கு இல்லை. 1991 டிசம்பரில் காவிரித் தண்ணீருக்காக நகரம் கெட்டுப்போனபோது, கண்டோன்மென்ட் பக்கத்தில் அவள் பிறந்து வளர்ந்து குடித்தனம் நடத்திய வீடு எரிந்தது. எதிர் வீட்டு யசோதா அவளையும் கோதண்டராமனையும் கேழ்வரகு மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்து, வாசலில் வந்து கேட்டவர்களிடம், இங்கே தமிழர் யாருமில்லை, இருந்தால் நானே பிடித்துக் கொடுத்திருப்பேன் என்று கன்னடத்தில் கத்தி அனுப்பினாள். வெளியே வந்து பார்த்தபோது தையல் மெஷினின் சக்கரம் மட்டும் மிச்சம். அதன் பிறகு தமயந்தி, ஒரு கால் இந்த மாநிலத்தில் ஒரு கால் அந்த மாநிலத்தில் என்று வைத்துக்கொள்ளத் தோதாக எல்லைக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கர் நிலம் வாங்கி, தாலிச் சரடைத் தவிர மற்ற தங்கத்தையெல்லாம் அதில் புதைத்தாள். இனி என்னை யாரும் எழுந்திரு என்று சொல்லக் கூடாது என்பதுதான் அவளுடைய வாழ்க்கையின் மொத்த இலட்சியம். பெரிய இலட்சியம் என்று சொல்ல முடியாது. இருந்தும், இழப்பதற்கு ஒன்றுமில்லாத பதினேழாம் சதுரத்தை ஆறு மாதத்தில் காலி செய்யும்படி ஏப்ரலில் நோட்டீஸ் வந்தது.

பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கையில் இருக்கிற சாமி கைவிட்டால் விவேக் நகருக்குப் பஸ் ஏறுவார்கள். அங்கே குழந்தை இயேசு கோயிலில் ஒன்பது வியாழக்கிழமை தொடர்ந்து வேண்டிக்கொண்டால் காரியம் நடக்கும். நெற்றியில் குங்குமத்தோடும் கையில் மெழுகுவர்த்தியோடும் வரிசையில் நிற்பவர்கள்தான் பாதிப் பேர். குழந்தை இயேசு அதைப் பற்றி இதுவரை புகார் சொன்னதில்லை. கால் வலிக்கிறவர்கள் மெழுகில் செய்த கால் வாங்கி வைப்பார்கள், நெஞ்சு வலிக்கு மெழுகு நெஞ்சு, பிள்ளை இல்லாதவர்களுக்கு மெழுகுப் பிள்ளை, வீடு வேண்டுமென்றால் மெழுகு வீடு. வைத்ததெல்லாம் சில வாரத்தில் மூட்டை கட்டப்பட்டு மறுபடி உருக்கப்பட்டு மெழுகுவர்த்தியாகும். ஒருவருடைய மூட்டுவலி இன்னொருவருடைய விசா வேண்டுதலாக எரியும். கோயில் தெருவில் அந்த உருவங்களை அச்சில் வார்த்து விற்றவர்களில் மூத்தவர் மௌரீன். நல்ல மனசு, கனத்த குரல், வியாபாரத்தில் கறார்.

ஜூன் மாதத்தின் ஒரு வியாழக்கிழமை தமயந்தி அவருடைய கடை முன்னால் வந்து நின்றாள். மௌரீன் பழக்கத்தில் மெழுகு வீட்டை எடுத்து நீட்டினார். "வீடு வேணாம், மௌரீனக்கா. வீடு எரிஞ்சா இன்னொண்ணு கட்டிக்கலாம். எனக்கு நெலம் வேணும்," என்றாள் தமயந்தி. நிலத்துக்கு அச்சு கிடையாது. அவயவம் எத்தனை உண்டோ அத்தனைக்கும் மௌரீனிடம் அச்சு இருந்தது, கிட்னிக்குக்கூட இருந்தது, நிலம் மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. எப்படிப்பட்ட நிலம் என்று மௌரீன் கேட்க, தமயந்தி தனக்கு விளங்கிய அளவில் சொன்னாள்: மலை, தண்ணி, மணல் என்று ஏதாவது வகைவகையாக இருக்க வேண்டும், அப்போதுதான் பாஸாகும், கிருஷ்ணப்பாவை விடக் கொஞ்சம் கூட இருந்தால் நல்லது. கடைசியில் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் வினையாக முடிந்தது.

மௌரீன் பிறந்தது விவேக் நகர், வளர்ந்தது விவேக் நகர், மணமுடித்துப் போனது இரண்டு தெரு தள்ளி. மலையையோ பாலைவனத்தையோ அவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் முப்பது வருஷமாக ஒவ்வொரு டிசம்பரிலும் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் ஜோடித்தவர். பூமி எப்படி இருக்கும் என்று கேட்டால் குடில் மாதிரி இருக்கும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த பதில். ஆகவே ஒரு சாண் பலகையளவு மெழுகைத் தட்டிப் பரப்பி, பரண்மேல் இருந்த குடில் பெட்டியை இறக்கினார். கசக்கிய பழுப்புக் காகிதத்தை ஒட்டி மலை செய்தார். அதில் விரலால் குடைந்து குகை. உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்று குளமானது. ஒரு சிட்டிகை ஆற்று மணல் பாலைவனம். அதற்குப் பக்கத்திலேயே, குடிலில் வழக்கமாக ஈச்சமரம் நிற்கிற இடத்தில், பஞ்சை உதிர்த்துப் பனி. சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள் ஆறு. அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வேளாங்கண்ணிக்கு யாத்திரை போயிருந்ததால் ஒரு நீல மெழுகுவர்த்தியை உருக்கி ஓரத்தில் கடலையும் ஊற்றினார். பலகையைத் தூக்கிக் கொடுக்கும்போது கட்டைவிரல் நடுவில் அழுந்திவிட்டது. "அது பள்ளத்தாக்கு," என்றார் மௌரீன், கூசாமல். கையில் ஒட்டியிருந்த பல நிற மெழுகையெல்லாம் வழித்து உருட்டியதில் சாம்பலில் வெள்ளையும் சிவப்புமாக வரியோடிய ஒரு உருண்டை மிஞ்சியது. அதை வீணாக்க மனமில்லாமல் கடலோரத்தில் வைத்து அழுத்தி, "இது நீ," என்றார். தனக்கு மூஞ்சியே இல்லையே என்று தமயந்தி கேட்டாள். "கொழந்த ஏசுவுக்கு ஆள் தெரியும்மா. நீ போய் வைய்யி, பின்னால க்யூ நிக்குது."

அன்று சாயங்காலம் அவள் அத்திபெலேயில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது, மாட்டுக்கொட்டகைக்கு அந்தப் பக்கம் மலை நின்றிருந்தது. உயரம் தென்னை மரத்தில் பாதி. பழுப்பு நிறம், உடம்பெல்லாம் மடிப்பு, உச்சியில் யாரோ கசக்கிப் பிரித்த மாதிரி ஒரு கிழிசல். மழை பெய்தால் மைதாப் பசை வாசம் வரும். அடுத்த வியாழக்கிழமை அதில் குகை விழுந்தது, அதில் உடனே ஒரு நாய் குட்டி போட்டது. அதற்கடுத்து குளம்: எந்தக் காற்றுக்கும் அலையடிக்காத குளம், ஒரு மூலை சில்லு போனது; கோதண்டராமன் அதன்பின் அங்கேதான் சவரம் செய்துகொண்டார். பிறகு பாலைவனம் வந்தது. அதைக் குறுக்கே கடக்க ஒரு பீடி பிடிக்கும் நேரமாகும், ஆனால் நடுவில் நின்றால் கானல் தெரியும், தாகம் எடுக்கும். தமயந்தியின் டீ வியாபாரம் கூடியது. அடுத்த வாரம் அதை ஒட்டியே அங்கிருந்த ஈச்சமரத்தடியில் பனி விழுந்தது. ஆடிக் காற்றில் அது பறந்து வேலி தாண்டி, கிருஷ்ணப்பாவின் எருமைக்குச் சளி பிடித்தது. ஒன்பது மார்க்குக்காரர் முதல்முறையாகத் தன் குன்றைத் திரும்பிப் பார்த்து, அது அவ்வளவு எடுப்பாக இல்லை என்று நினைத்தார். ஆறு வெள்ளியாக வந்தது, இரவில் காலடியில் சரசரத்தது. பள்ளத்தாக்கு வந்தபோது அதன் சரிவு முழுக்க வட்டவட்டமாக வரப்பு ஓடியது, நடுவில் ஒரு சுழி, குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு ஒன்று. மௌரீனின் கட்டைவிரலில் அரிவாள்மணை பட்ட தழும்பு அதே இடத்தில் இருந்தது. எட்டாவதாகத்தான் நாம் முதலில் சொன்ன கடல்.

மலை வந்தபோதே மறு அளவை கேட்டுத் தமயந்தி போட்டிருந்த மனு அந்த வாரம்தான் கழகத்தின் மேசையை எட்டியது. ஸ்ரீகண்டன் வந்தார். ஈச்சமரத்தடியில் பனியைப் பார்த்ததும் சற்று நேரம் குந்தி உட்கார்ந்தார். பிறகு, எண்ணுவதற்குத்தான் தனக்குச் சம்பளமே தவிர ஆச்சரியப்படுவதற்கு இல்லை என்று தேறி, எண்ண ஆரம்பித்தார். மலை ஒன்று, மலையின் பாறை இனம் தெரியாதது ஒன்று, குகை, பாலைவனம், பாலைமணல், பனி, அசையாத நீர், அசைகிற நீர், உப்பு நீர், உலகத்தில் வேறெங்கும் இல்லாத சுழிப் பள்ளத்தாக்கு என்று அவர் எண்ணி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கூட்டிப் பார்த்தார், மறுபடி கூட்டிப் பார்த்தார். இருபத்துமூன்று. அதுவரை மாநிலத்திலேயே அதிகபட்சம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சதுரம் வாங்கிய பத்தொன்பது. அன்று தமயந்தி அவருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்டாள். கோதண்டராமன் ஊர்க்காரர்களுக்கு ஓசியில் சுண்டல் கொடுத்தார். வேலிக்கு அப்பால் கிருஷ்ணப்பா காணப்படவில்லை.

இயக்குநர் சீனிவாசராகவன் நம்பவில்லை. காரில் வந்து இறங்கி, ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதைச் சின்ன வயதில் யாரும் சொல்லிக்கொடுக்காத காரணத்தால் நேராகக் கடலுக்குள் இறங்கினார். கோதண்டராமன் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். இயக்குநர் வாயிலிருந்த உப்புநீரைத் துப்பி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சதுரம் முழுக்கச் சுற்றினார். திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அவருடைய முறையில் இப்படி ஒரு மார்க்கு வரும் என்று வெளிநாட்டில் சொன்னபோது சிரித்தார்களாம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விதியைச் சொன்னார். இருபதுக்கு மேல் வாங்கிய சதுரம் பாதுகாக்கப்பட்ட நிலம். சுற்றிக் கம்பி வேலி போடப்படும். உள்ளே இருக்கும் இயற்கை அமைப்பு எதையும் யாரும் ஒரு சாண்கூட நகர்த்தக் கூடாது. உள்ளே மனிதர் குடியிருக்கக் கூடாது. அடுத்த வியாழக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பிள்ளையார் கேட்டதைவிடப் பெரிய பிள்ளையாராய் முடிந்திருந்தது. ஒன்றுமில்லாத நிலம் என்றால் கம்பெனிக்காக எழுந்திரு, எல்லாம் இருக்கிற நிலம் என்றால் மலைக்காக எழுந்திரு. முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. கிருஷ்ணப்பா மட்டும் நடுவில் ஒன்பது மார்க்கில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்கே பாவமாக இருந்தது. வேலியோரம் வந்து, "தமயந்தியம்மா, நீவு ஸ்வல்ப கம்மியா வாங்கியிருக்கலாம்," என்றார். அதில் கேலி இல்லை. தமயந்தி அன்று இரவு கடற்கரையில் உட்கார்ந்து, தனக்கு எதிராக இத்தனை தண்ணீரும் மண்ணும் கல்லும் சேர்ந்துகொண்டதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 1991இல் அவளைத் துரத்தியவர்களிடமாவது கோபப்பட முடிந்தது. ஒரு மலையிடம் என்னவென்று கோபப்படுவது.

ஒன்பதாவது வியாழக்கிழமை விடிந்ததும் அவள் விவேக் நகருக்குப் போய் மௌரீனிடம் சண்டை பிடித்தாள். "பாஸ் ஆனா போதும்னுதானே சொன்னேன். ஒன்ன யாருக்கா ஸ்டேட் ஃபர்ஸ்ட் வாங்கச் சொன்னது? அந்தப் பலகைய எடு. பனியையும் கடலையும் சுரண்டிப் போடலாம்." பலகை இல்லை. போன வாரமே உருக்கியாகிவிட்டது. அதில் செய்த மெழுகுவர்த்திகள் அப்போது பீடத்தின் முன்னால் யார் யாருடைய வேண்டுதலுக்காகவோ எரிந்துகொண்டிருந்தன. மௌரீன் அவளை உட்காரவைத்து ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். அவள் அழாமல் உட்கார்ந்திருந்த விதம் அவருக்குப் பயமாக இருந்தது. பிறகு விரல்விட்டு எண்ணினார், மலை, குகை, குளம் என்று, கடல்வரைக்கும். "எட்டுதானே வந்திருக்கு. ஒண்ணு பாக்கி இருக்கு, தமயந்தி. நீ ஒழுங்கா மெழுகுத்திரி ஏத்திட்டு வீட்டுக்குப் போ." என்ன பாக்கி என்று தமயந்திக்கு நினைவில்லை. ஏற்றிவிட்டுப் போனாள்.

அவள் வந்து சேர்ந்தபோது கடை வாசலில் ஒரு வேன், நாலு கான்ஸ்டபிள்கள், இயக்குநர், ஸ்ரீகண்டன், ஊரில் பாதி. கோதண்டராமன் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவர் எதற்கும் சரி என்கிற சுபாவம். தமயந்தி உள்ளே போய் டீக்கடை ஸ்டூலை எடுத்து வந்து, கடலுக்கும் கடைக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். பெண் போலீஸ் இருவர் இரண்டு பக்கமும் கை கொடுத்துத் தூக்கினார்கள். ஸ்டூல் நகர்ந்தது, அவள் நகரவில்லை. ஸ்டூல் இல்லாமலே அதே உயரத்தில் உட்கார்ந்திருந்தாள். நாலு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து கிரேன் ஒன்றைக் கூட்டிவந்து, மரியாதையாகப் பெல்ட் போட்டு இழுத்தார்கள். கிரேனின் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின, பெல்ட் முனகியது, டிரைவர் இறங்கி ஓடினான். தமயந்தி அதற்குள் எழுந்து போய் அவனுக்கு ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, திரும்பவும் வந்து உட்கார்ந்தாள். அவளாக நடந்தால் நடந்தாள், பிறர் அசைத்தால் அசையவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

அப்போதுதான் ஸ்ரீகண்டன் தன் தொழிலைச் செய்தார். சதுரத்துக்குள் எண்ணப்படாத பொருள் ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது, அப்படித் தோன்றினால் அவரால் சும்மா இருக்க முடியாது. மன்னிக்கணும் அம்மா என்று சொல்லி, சுத்தியால் அவள் முழங்கையில் மெதுவாகத் தட்டினார். கணீரென்றது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். சாம்பலில் வெள்ளையும் சிவப்புமாக வரி ஓடியது. "கூசுது, சார்," என்றாள் தமயந்தி. அவர் நிமிர்ந்து, வரிப்பாறை, இந்த வட்டாரத்து அடிப்பாறை, தனித்து நிற்கும் அமைப்பு, வயது முந்நூறு கோடி ஆண்டு என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்த பிறகு முதல்முறையாகத் தமயந்தி கோபப்பட்டாள். "ஓட்டர் லிஸ்ட்ல நாப்பத்தாறு போட்டிருக்கு. சரியா எழுதுங்க."

இயக்குநர் அவரைத் தனியே தள்ளிக்கொண்டு போய், புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டார். ஸ்ரீகண்டன் பணிவாகப் பதில் சொன்னார். மடிப்பு மலையை எண்ணலாம், பஞ்சுப் பனியை எண்ணலாம், முப்பதடிக் கடலை எண்ணலாம், அவற்றையெல்லாம் இயக்குநரே கையெழுத்துப் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பியாயிற்று. சுத்திக்குக் கணீரென்று ஒலிக்கிற ஒன்றை மட்டும் எண்ணக் கூடாது என்றால் மற்ற இருபத்துமூன்றையும் கணக்கிலிருந்து அடிக்க வேண்டியிருக்கும். சீனிவாசராகவன் கடலைப் பார்த்தார், பனியைப் பார்த்தார், வெளிநாட்டில் சிரித்தவர்களை நினைத்தார். தன் கையாலேயே எழுதிய விதியையும் நினைத்தார். உள்ளே இருக்கும் இயற்கை அமைப்பு எதையும் யாரும் ஒரு சாண்கூட நகர்த்தக் கூடாது. கான்ஸ்டபிள்களிடம் போய், பாறை மேலிருந்து கையை எடுங்கள் என்றார். பதினேழாம் சதுரம் இருபத்துநாலு என்று பதிவானது. கோதண்டராமனைக் குறித்து ஒரு சங்கடம் வந்தது, அவர் மேல் சுத்தி தட்டினால் சாதாரணமாக ஐயோ என்றுதான் சத்தம் வந்தது. கடைசியில், பாறையில் ஒட்டி வளரும் பாசியை அகற்றினால் பாறைக்குச் சேதம் என்று ஸ்ரீகண்டன் ஒரு குறிப்பு எழுதினார். கோதண்டராமன் அதற்கும் சரி என்றார்.

எல்லோரும் போன பிறகு தமயந்தி அழுதாள். 1991இல் அழ நேரமில்லாததால் அந்த அழுகை பாக்கி இருந்தது. இனி உலகத்தில் எந்தக் கூட்டம் எந்த மொழியில் வந்து எழுந்திரு என்றாலும் எழுந்திருக்க வேண்டாம் என்கிற சந்தோஷம் ஒரு மனுஷிக்கு எவ்வளவு பெரியது என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். யசோதாவுக்குத் தெரிந்திருக்கும். தகவல் கேட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து அவள் ஒரு மூட்டை கேழ்வரகோடு வந்து இறங்கினாள். தமயந்தியின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்று உறுதி செய்துகொண்டு, திருப்தியாகக் கடலில் கால் நனைத்தாள்.

வேலி வந்தது, அறிவிப்புப் பலகை வந்தது, காவலர் ஒருவரும் வந்தார். கோதண்டராமன் அவருக்குச் சுண்டல் பழக்கிவிட்டதால் அவர் யாரையும் தடுப்பதில்லை. 2000க்குப் பிறகு கம்பெனிகள் சதுரத்தைச் சுற்றி நாலு பக்கமும் எழுந்தன. சனிக்கிழமைகளில் கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனிப் பிள்ளைகள் டாக்ஸி பிடித்து வந்து பனியில் போட்டோ எடுத்து, பாலைவனத்தைத் தாண்டி, கடற்கரையில் உட்கார்ந்து மதுரையையும் சேலத்தையும் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். கிருஷ்ணப்பா தன் குன்றை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டு, அதை வெடிவைத்துப் பெயர்த்த அன்று தமயந்தியின் கடைக்கு வந்து இரண்டு டீ குடித்தார். அவருக்கு எல்லையோரம் கொஞ்சம் கரையை அவள் விட்டுக்கொடுத்தாள். எருமையைக் குளிப்பாட்ட உதவுகிறது. மௌரீன் வருஷத்துக்கு ஒரு முறை வந்து மலையின் மடிப்பைத் தடவிப் பார்த்து, பசை இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் என்பார்.

தமயந்தி இப்போதும் வியாழக்கிழமை தவறாமல் விவேக் நகருக்குப் போகிறாள். நேர்ந்தது பலித்தால் நன்றி சொல்ல வேண்டாமா. காலையில் அவள் பஸ் ஏறியதும் பதினேழாம் சதுரம் இருபத்துமூன்றுக்கு இறங்கிவிடுகிறது. ஸ்ரீகண்டன் இப்போது கழகத்தில் பெரிய அதிகாரி. அன்றைக்கு மட்டும் அந்தச் சதுரத்தைப் பற்றி யார் போன் செய்து கேட்டாலும், சாயங்காலம் அத்திபெலே பஸ் வந்த பிறகு கூப்பிடுங்கள், கூட்டிச் சொல்கிறேன் என்கிறார்.